மெயின் ஐடியா என்னவென்று கேட்டவளுக்கு

இன்று மத்தியானம் நம் மலையூர் ரிங்லெட்டில் நல்ல மழை. அணைப் பக்கமிருந்து ஏறி வந்த மேகம் கடைக்குள்ளேயே நுழைந்துவிடும் போலிருந்தது. சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து மேசைகளெல்லாம் காலி. அந்த நேரத்தில் ஒரு பெண் நனைந்துகொண்டே ஓடிவந்து சுவரோர மேசையில் உட்கார்ந்தாள். தேயிலைத் தொழிற்சாலையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் தே தாரிக் டீயை ஆற்றிக் கொண்டுபோய் வைத்தபோது அவளிடமிருந்து அந்த வாசம் வந்தது. அரைபட்ட இலையைப் பரப்பி நிறம் மாறக் காத்திருக்கும் அறையின் வாசம். ஈரப்புல்லும் கனிந்துபோன ஆப்பிளும் கலந்தாற்போல இருக்குமே, அது. எத்தனை முறை குளித்தாலும் போகாது என்று நீ அலுத்துக்கொள்வாய். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நீ உள்ளே வந்துவிட்டாய் என்று எனக்கு அதை வைத்தே தெரியும்.

அந்தப் பெண் புதிது. பேக்கிங் பகுதியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். டீயை ஊதிக் குடித்தபடி பேச்சுக் கொடுத்தாள்.

“ஆண்ட்டி, அந்த கைட் அக்கா இங்கதான் வந்து உக்காருவாங்களாமே? பாவம்லா அவங்க. புருஷன் விட்டுட்டுப் போயிட்டாராம். புள்ளையும் இல்லையாம். கடைசில கேன்சர் வந்து செத்துட்டாங்களாம்.”

“யாரு சொன்னா?”

“பேக்கிங்ல எல்லாரும் சொல்றாங்க ஆண்ட்டி.”

“நடந்ததுதான்மா எல்லாம். ஆனா அவ அது இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. மழை விட்டதும் போய்விட்டாள். எனக்குத்தான் வேலை ஓடவில்லை. மூன்றே செய்திகளைச் சொல்லி உன்னை மூடிவைக்கப் பார்க்கிறார்கள். நான் விடப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல். நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தானா ராத்தா பள்ளியில் கடைசி வருஷப் பரீட்சையில் நாம் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் தேறவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். “இங்கிலீசு நம்மள வேணாம்னு சொல்லிடுச்சு. பரவால்லலா, நமக்கும் அது வேணாம்,” என்றாய். நான் அழுகையோடு சிரித்தேன். அதன் பிறகு நீ தொழிற்சாலைக்குப் போனாய், நான் என்னைப் பெற்ற அத்தாவின் சாப்பாட்டுக் கடைக் கல்லாவுக்கு வந்தேன். உன் கல்யாணத்துக்கு இங்கிருந்துதான் பிரியாணி வந்தது. உன் கணவன் ஜோகூருக்கு வேலைக்குப் போனதும் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ ஒரே ஒரு தடவைதான் பேசினாய். “அவன் கதை முடிஞ்சிடுச்சு நூரு. என் கதை எங்க முடிஞ்சுச்சு?” என்று கேட்டுவிட்டு ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாய். அதோடு சரி.

தொழிற்சாலையைப் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளுக்குச் சுற்றிக்காட்ட ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நமக்கு முப்பது தாண்டியிருந்தது. எழுத்துத் தேர்வு உண்டு. சின்னச் சின்ன ஆங்கிலப் பத்திகள் கொடுப்பார்கள். படித்துவிட்டு, இதன் மையக்கருத்து என்ன என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் தெரியாமல் நீ போய் எழுதிவிட்டு வந்தாய். தேறவில்லை. அது பெரிய விஷயமில்லை. முடிவைச் சொன்ன சூப்பர்வைசர், டவுனிலிருந்து வந்த தமிழ்ப் பையன், எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். கடைக்குள் வந்து குடையை மூலையில் எறிந்துவிட்டு அதை அப்படியே நடித்துக் காட்டினாய்.

“‘அக்கா, நீங்க பேக்கிங்லயே நல்லா செய்றீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த சுசாலாம்?’ சிரிச்சிக்கிட்டே சொல்றான்டி. சுசாவாம். கஷ்டம் எனக்குன்னா அவனுக்கு எங்க வலிக்குது?”

“விடுலா. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம் இல்ல. எழுதுவேன். நீயும் என்கூட உக்காந்து படி.”

“நான் எதுக்குடி? எனக்கென்ன கைட் வேலையா?”

“உன்னையும்தானே வேணாம்னு சொல்லிச்சு?”

நானும் உட்காருகிறேன் என்றேன். மறுநாளே தாப்பா டவுனிலிருந்து பயிற்சிப் புத்தகம் ஒன்று வரவழைத்தாய். உன் வேலை முடிந்ததும் வேன் உன்னைக் கடை வாசலில் இறக்கிவிடும். கடையும் அப்போது ஓய்ந்திருக்கும். சுவரோர மேசையில் உட்காருவோம். இடையில் யாராவது மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டால் நான் எழுந்து போவேன். திரும்பி வருவதற்குள் நீ ஒரு பத்தி தாண்டியிருப்பாய்.

முதலில் இரண்டு பேருக்கும் எதுவும் சரியாக வரவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பத்தியில் இருக்கும் அதே வார்த்தைகள் எந்த விடையில் இருக்கின்றனவோ அதைத் தொட்டுவிடுவேன். உன் பழக்கம் வேறு. எந்த வரி மனதை அதிகம் நோகடிக்கிறதோ அதுதான் உனக்கு மையக்கருத்து. கிழவன், நாய், வெள்ளம் என்று எது வந்தாலும் சோகமான வரியில் போய் நின்றுகொள்வாய்.

நம்மைக் கரையேற்றியது தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த அந்த ஆங்கில டீச்சர். ஜோகூர்க்காரி. நம்மைவிட வயதில் சின்னவள். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட வருவாள். ஒரு நாள் நம் சண்டையைக் கேட்டுத் தட்டோடு எழுந்து வந்து நம் மேசையில் உட்கார்ந்தாள். பத்தி, கடலோரச் சதுப்பு மரங்களைப் பற்றியது. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மீன்கள் அங்கே குஞ்சு பொரிக்கும், அலையின் வேகம் குறையும், மரங்களை வெட்டிவிட்ட ஓரிடத்தில் புயல் வந்து ஒரு மீனவரின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. இவ்வளவுதான். நீ மீனவரின் வீட்டில் நின்றுவிட்டாய்.

“வீடு போனவன விட்டுட்டு வேரப் பத்திப் பேசணுமா டீச்சர்? இது என்ன நியாயம்?”

டீச்சர் சிரிக்கவில்லை. “சரி அக்கா. அவரு வீடு போனத எதுக்குச் சொல்றாங்க?”

“அங்க மரம் இல்லாததுனால.”

“மரம் இருந்திருந்தா?”

நீ பத்தியை விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தாய். பிறகு, “வீடு நின்னிருக்கும்,” என்றாய். “அப்ப மரந்தான். மரம் கரையக் காப்பாத்துது. வீடு அதுக்குச் சாட்சி.”

“அவ்வளவுதான் அக்கா! மத்ததெல்லாம் சாட்சி சொல்ல வந்தவங்க. கேஸு எதுன்னு பாருங்க.”

பிறகு அவள் தன் பாணியில் விளக்கினாள். முதலில் யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி என்று கேள். பிறகு, அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால் மையக்கருத்து வந்துவிடும். நான்கு விடைகளில் ஒன்று சின்னச் சட்டை மாதிரி இருக்கும், ஒரு வரிக்கு மட்டும் பொருந்தும். ஒன்று கூடாரம் மாதிரி இருக்கும், உலகத்துக்கே பொருந்தும். ஒன்று பத்தியிலேயே இருக்காது. அளவான சட்டையை எடு. சாட்சி என்ற சொல் உன்னுடையது, சட்டை அவளுடையது. எனக்கு இரண்டும் உதவின.

அன்றிலிருந்து உன் தொல்லை தாங்க முடியவில்லை. யார் பேசினாலும் சுருக்கிப் பார்ப்பாய். அத்தா ரொட்டி போடுகிற ஆளைத் திட்ட ஆரம்பித்தால் மழையில் தொடங்கி, அரசாங்கத்துக்குப் போய், ராமநாதபுரம் வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிறுத்துவார். ஒரு நாள் நடுவில் கையைத் தூக்கினாய்.

“மாமா, மெயின் ஐடியா?”

“என்னது?”

“மாவு பத்தல. அதானே?”

அத்தா ஒரு நிமிஷம் யோசித்தார். “ஆமா.”

“அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல மாமா. பாவம் அவரு, மாவ எடுத்துட்டு வந்திருப்பாரு.”

ரொட்டி போடுகிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினார். அத்தாவும் சிரித்துவிட்டார். அவரை அப்படி நடுவழியில் நிறுத்த எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. தேயிலைப் பத்தி வந்த நாள் நினைவிருக்கிறதா? புத்தகத்தின் பின்பகுதியில் இருந்தது. மலைநாட்டின் தேயிலைக் குன்றுகள் அழகானவை. வண்ணத் தொப்பி அணிந்த பெண்கள் விடிந்ததும் சரிவுகளில் இலை பறிக்கிறார்கள். மழையிலும் பாரமான கூடைகளை முதுகில் சுமக்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வரும் பயணிகள் இவர்களைப் படம் எடுத்து மகிழ்கிறார்கள். சூடான தேநீர் குடித்துக் குளிர்ச்சியை அனுபவிக்கிறார்கள். பக்கத்தில் சிரித்தபடி ஒரு பெண்ணின் படம். விடை, தேயிலைக் குன்றுகள் பயணிகளைக் கவர்கின்றன என்பது. நீ எடுத்தது, தேயிலை பறிப்பது கடினமான வேலை என்பது. டீச்சர் அதைத் தவறென்று அடித்தாள்.

உன் முகம் சிவந்தது. “எங்கம்மா முதுக வந்து பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர், தப்பான்னு.”

“அக்கா, நீங்க சொல்றது உண்மை. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் பத்தி அதைச் சொல்லல. கூடையைப் பத்தி ஒரு வரி. மிச்சமெல்லாம் பயணிகளுக்காக.”

“உண்மைன்னா அது ஏன் விடையில்ல?”

“எழுதினவங்க எதைச் சொல்ல வந்தாங்களோ அதுதான் விடை. நமக்கு எது முக்கியம்ங்கறது வேற.”

நீ புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டாய். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன். நீ லோரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய். லெம்பா பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்தன. திரும்பி உள்ளே வந்தபோது உன் குரல் மாறியிருந்தது. கோபம் போகவில்லை. ஆனால் போகவேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

“டீச்சர் சொல்றது சரிதான். இந்தப் பத்தியில எங்கம்மா சாட்சி. வர்றவங்க சந்தோசமா இருக்காங்கன்னு சொல்றதுக்கு எங்கம்மாவ நிக்க வச்சிருக்கான். அதுவும் பொய். இப்ப யாருடி கூடையில கிள்றா? பங்களாதேசிப் பசங்க மெசின் வச்சு வெட்டிக்கிட்டு இருக்காங்க. அவனுங்க சாட்சியாக்கூட இல்ல.” புத்தகத்தைத் திறந்து சரியான விடையில் வட்டம் போட்டாய். “பரீட்சைக்கு இது. எனக்கு அது. ரெண்டையும் குழப்பிக்க மாட்டேன்.”

அதன் பிறகு நீ ஒரு பத்தியைக்கூடத் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. எழுதினவன் என்ன சொல்ல வருகிறான் என்று பிடித்துவிடுவாய். அவன் சொல்லாமல் விட்டது என்ன என்பதையும் எனக்கு மட்டும் தனியாகச் சொல்வாய்.

இரண்டாம் முறை எழுதித் தேறினாய். வேலை மட்டும் உனக்குக் கிடைக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, நல்ல பெண். உன்னிடம் சூப்பர்வைசர், “வர்றவங்க கொஞ்சம் எளசா எதிர்பார்ப்பாங்க அக்கா,” என்று சொல்லியிருக்கிறான். “தேயில பாக்க வர்றாங்களா தம்பி, என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று கேட்டுவிட்டு நீ நேராக ஆபீசுக்கு நடந்தாய். தோட்டத்தில் இன்னும் எல்லாரும் துரை என்று சொல்கிற மேனேஜர் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றாய். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. அவர் வந்ததும் ஆங்கிலத்தில் கேட்டாய், “சார், டிட் ஐ பாஸ்?”

அவர் திகைத்துப்போய், “யெஸ்,” என்றார்.

“தென் கிவ் மீ வன் சண்டே.”

ஒரே ஒரு ஞாயிறு நீ சுற்றிக்காட்டலாம் என்று ஒத்துக்கொண்டார். அதைக் கடைக்கு வந்து டீயைக் கையில் எடுத்தபடி சொன்னாய். டீ சாசரில் கொட்டியது. “பயமா இருந்துச்சாடி?” என்று கேட்டேன். “உயிரே போச்சு. ஆனா இலக்கணம் தப்பா இல்லல்ல?” என்றாய்.

அந்த ஞாயிறு அடுத்த ஞாயிறாகி, பிறகு எல்லா ஞாயிறுகளும் உன்னுடையதாகிவிட்டன. ஒரு நாள் கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு நான் மேலே தொழிற்சாலைக்கு வந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்தாய், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இலையை வாட்டுவது, அரைப்பது, நிறம் மாறுவது, உலர்த்துவது, சலிப்பது என்று அவர்கள் மனப்பாடம் செய்யக் கொடுத்திருந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாய். வெளிவாசலுக்கு வந்ததும், “எனி கொஸ்டியன்?” என்றாய். நான் கையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஹூ பிக் த டீ?”

உன் உதடு கொஞ்சம் துடித்தது. எதிரே இருந்த குன்றைக் காட்டினாய். அந்தச் சரிவில் உன் அம்மா காலமெல்லாம் வேலை செய்தார், அவருடைய முழங்கால் அங்கேதான் போயிற்று என்று உடைந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய். இப்போது அங்கே இயந்திரம் பிடித்து நிற்கும் பையன்கள் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கும் அம்மா இருக்கிறார்கள் என்றாய். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பெரிய விளம்பரப் படத்தைக் காட்டினாய். வண்ணத் தொப்பி, கூடை, சிரிப்பு. “திஸ் லேடி, ஐ டோன்ட் நோ ஹூ,” என்றாய். கூட்டம் சிரித்தது. ஆனால் போகும்போது ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் குன்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சூப்பர்வைசர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தான். கொடுத்ததை மட்டும் சொன்னால் போதும் என்றான். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“உங்க பத்திய முழுசா சொல்லிட்டேன் தம்பி. ஒரு வார்த்தை விட்டிருந்தா சொல்லுங்க. அதுக்கப்புறம் சொன்னது என்னோட பத்தி.”

அவன் அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை கண்டித்தான். நீ ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாய். கடைசியில் அவன்தான் விட்டுவிட்டான். அதை வெற்றி என்று நீ கொண்டாடவில்லை. “அவனுக்கும் வேற வேல இருக்கும்ல,” என்றாய்.

நோய் வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எல்லாரும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் நடந்தது ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். ஏனென்றால் அங்கே இருந்தது நான் மட்டும்தான்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள். அவர் உன் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர்களோடு ஆங்கிலத்தில் பேசினார். நீளமாகப் பேசினார். மருந்துகளின் பெயர், படம் எடுத்ததில் தெரிந்தது, வேறு இடங்களுக்குப் பரவியது. அந்த நேரம் முழுக்க உன் முகத்தை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. உனக்குப் புரியாது என்று அவரே முடிவு செய்துவிட்டார். எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. நீ தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். சுவரோர மேசையில் உட்கார்ந்து பத்தி படிக்கும்போது நெற்றியில் விழும் அந்த ஒற்றைக் கோடு விழுந்திருந்தது. அவர் திரும்பிப் போகும் நேரத்தில் கூப்பிட்டாய்.

“டாக்டர். யூ சே மெடிசின் நாட் வொர்க்கிங். நோ மோர் மெடிசின். கரெக்ட்?”

ஒரு மாணவி கையிலிருந்த பேனாவைத் தவறவிட்டாள். டாக்டர் திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். “யெஸ்,” என்றார். பிறகு, “ஐ ஆம் சாரி. ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யூ,” என்றார். அதற்கப்புறம் அவர் உன்னோடுதான் பேசினார். வலி எப்படி இருக்கும், அதற்கு என்ன செய்யலாம், எவ்வளவு நாள் நடமாட முடியும் என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பி வரும் வழியில் சிம்பாங் பூலாய் பாதையில் ஏறி, கியா பார்மில் வேனை நிறுத்தச் சொன்னாய். காய்கறிக் கடைகளில் ஒரே கூட்டம். ஸ்ட்ராபெரி வாங்கி ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். “இந்தப் புளிப்புக்கா இத்தன ஜனம் மல ஏறி வருது?” என்றாய். நான் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. நீ என் முதுகைத் தடவவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கோபமாக இருந்தாய்.

“நேரா சொன்னா என்னவாம்டி? நான் என்ன கண்ணாடியா, ஒடஞ்சு போறதுக்கு? என் உசிரப் பத்தின பத்தி. என்னத் தவிர எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறாரு.”

“புரிஞ்சிருக்க வேணாம்னு இருக்குடி எனக்கு.”

“பைத்தியம் மாதிரி பேசாத. புரிஞ்சதுனாலதான் கேள்வி கேட்டேன். கேட்டதுனாலதான் இனிமே என்ன செய்யலாம்னு எனக்குத் தெரியும்.”

செய்யவும் செய்தாய். ஊசி குத்திக்கொண்டே ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். தோட்டத்து லைன் வீடுகளில் உன் தம்பி வீட்டுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தாய். முடிந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைக்குப் போனாய். அந்தக் கோலாலம்பூர்ப் பெண் நாற்காலி போட்டுக் கொடுத்து, தன் பகுதியைப் பேசி முடித்துவிட்டு, கூட்டத்தை உன்னிடம் அழைத்து வருவாள். நீ உட்கார்ந்தபடியே குன்றைக் காட்டிப் பேசினாய். சூப்பர்வைசர்தான் உனக்குக் கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டான். இதையெல்லாம் பேக்கிங்கில் யாரும் சொல்வதில்லை.

உன் கருமாதி அன்று லைன் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து பேசினார். நல்ல மனுஷர்தான். “பாவப்பட்ட ஜென்மம். கட்டினவனும் இல்ல, பெத்த புள்ளயும் இல்ல. கஷ்டத்தத் தவிர ஒண்ணும் அனுபவிக்காமயே போயிடுச்சு,” என்றார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்தேன். எழுவேன் என்று எனக்கே தெரியாது.

“ஐயா, மன்னிச்சுக்கங்க. நீங்க சொன்னது எதுவும் பொய் இல்ல. ஆனா அதெல்லாம் அவளுக்கு நடந்தது. அவ செஞ்சத யாரும் சொல்லல. வேணாம்னு சொன்ன எடத்துல போயி நின்னா. நின்னு கேட்டா. கேட்டு வாங்குனா. அந்தக் குன்றப் பத்தி ஊரு ஒலகத்துக்கே சொன்னா. அவளப் பத்தி ஒரே ஒரு வரிதான் சொல்லணும்னா அதச் சொல்லுங்க. பாவம்னு சொல்லாதீங்க. அவளுக்குக் கோவம் வரும்.”

பின்னாலிருந்து யாரோ, “கடக்காரப் பொண்ணுக்கு இங்க என்ன பேச்சு?” என்று முணுமுணுத்தது கேட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். உன் தம்பி மனைவி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். உன் அம்மா வலிக்கிற முழங்காலோடு எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். எனக்கு அது போதும்.

இப்போது என் செய்தியைச் சொல்ல வேண்டும். அத்தாவுக்கு இப்போது நடமாட்டம் இல்லை, மாடியில்தான் படுத்திருக்கிறார். போன வாரம் கிள்ளானிலிருந்து அண்ணன் வந்தார். கடை மூடிய பிறகு உட்கார வைத்துப் பேசினார். நான் எவ்வளவு உழைத்துவிட்டேன் என்றார். என் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பொம்பளை ஒருத்தி தனியாகக் கடை நடத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். தன் மகன் படித்து முடித்துவிட்டான், அவனுக்குக் கடை நடத்துவதில் ரொம்ப ஆர்வம் என்றார். கிள்ளானில் எனக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்களாம், ஜன்னல் வைத்த அறை. குடும்பம், பாசம், அத்தாவின் நிம்மதி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் அன்பான வார்த்தைகள். பழைய நூருவாக இருந்திருந்தால் அந்த வார்த்தைகளைக் கேட்டுத் தலையாட்டியிருப்பேன்.

நான் பொறுமையாகக் கேட்டேன். எதைப் பற்றிப் பேசுகிறார்? கடையைப் பற்றி. கடையைப் பற்றி என்ன சொல்கிறார்?

“அண்ணே,” என்றேன். “மொத்தத்துல நான் இந்தக் கடைய விட்டு வெளிய போகணும். அதானே?”

அண்ணன் என்னைப் பார்த்தார். மேசையில் ஒட்டியிருந்த சீனித் துகளை விரலால் தள்ளினார். “அப்படின்னு இல்ல நூரு…”

“அப்படித்தான் அண்ணே. தப்பு ஒண்ணும் இல்ல. நேரா கேட்டா நேரா பதில் சொல்லலாம்ல, அதுக்காகக் கேட்டேன்.”

அவர் துகளைத் தட்டிவிட்டு, “ஆமா,” என்றார்.

“போகமாட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். குரல் உயரவில்லை. எழுந்து அவருக்கு இன்னொரு டீ போட்டேன். அண்ணன் காலையில் அத்தாவிடம் விடை பெற்றுக்கொண்டு கிளம்பிவிட்டார். என்மேல் வருத்தம் இருக்கும். இருக்கட்டும், பெருநாளுக்கு வருவார், அதே பாசத்தோடு சோறு போடுவேன். ஆனால் இந்தக் கடைக் கதவை இன்று காலையும் நான்தான் திறந்தேன். நாளைக்கும் நான்தான் திறப்பேன்.